வேரை அளந்த மருத்துவர்



நம் சங்க மலருக்கு மறைந்த பெருமக்கள் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு ஆசிரியர் குழுவினர் என்னைப் பணித்தபோது, என் நெஞ்சில் பல பெயர்கள் வரிசையிட்டு வந்து நின்றன. கவிஞர் சிலர், நாட்டு விடுதலைக்கு உழைத்தோர் சிலர், தமிழுக்குத் தொண்டாற்றியோர் சிலர். அவர்களை எல்லாம் விடுத்து, பம்பாயில் பிறந்த பார்சி மருத்துவர் ஒருவரின் வரலாற்றை இங்கே எழுத முற்படுகிறேன். தமிழ் மாணவர் மலரில் பார்சிக்காரருக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது என் தாத்தாவின் செயலிழந்த வலக்கை. ஆகவே, கதையை அங்கிருந்தே தொடங்குவதுதான் முறை.

மட்டாஞ்சேரியை நீங்கள் அறிவீர்கள். டச்சு அரண்மனையையும் யூதர் தெருவையும் 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதக் கோயிலையும் காண வந்து போயிருப்பீர்கள். ஆனால் காட்சிப் பொருள்களைத் தாண்டிப் பஜார் சாலையில் நடந்து பார்த்தால்தான் அவ்வூரின் உயிர் எதுவென்று விளங்கும். மிளகு மூட்டை ஒருபுறம், சுக்கு மூட்டை ஒருபுறம், ஏலமும் சாதிக்காயும் இன்னொருபுறம். அவற்றுக்கு நடுவே அங்காடி மருந்துக் கடைகள். குறுந்தோட்டி வேர், ஆடாதோடை இலை, திப்பிலி, அதிமதுரம் என்று காடும் மேடும் அங்கே சாக்குப் பைகளில் அடைந்து கிடக்கும். அப்படிப்பட்ட கடை ஒன்றில்தான் என் தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினேழு வயதில் பிழைப்புத் தேடி வந்தவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கடையின் பேரேட்டைத் தம் முத்து முத்தான எழுத்தால் நிரப்பினார். ஒரு காசு தவறாது. ஒரு வரி அடித்து எழுதியது கிடையாது. மூலிகைகளை முகர்ந்தே பெயர் சொல்வார். படகேறி எறணாகுளம் சென்று படிக்கும் பேரன் நான் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தாத்தாவுக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது தெரியவந்தது. தலைவலியோ மயக்கமோ எதுவும் இல்லை. கண் பரிசோதனைக்குப் போன இடத்தில் தற்செயலாக அளந்து பார்த்தார்கள். 170-க்கு 104 என்று காட்டியது. மருத்துவர் ஒருவர் இரண்டு மாத்திரைகள் எழுதித் தந்தார். ஒன்று இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆம்லோடிபின். மற்றொன்று இதயத் துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் அடினலால். மூன்று திங்களில் அழுத்தம் 134-க்கு 82 என்று இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியே வினையாக வந்து முடிந்தது.

நோய் போய்விட்டது, இனி மாத்திரை எதற்கு என்று தாத்தா முடிவு செய்தார். கணுக்காலில் சிறிது வீக்கமும் இருந்தது. அதற்கும் மாத்திரைதான் காரணம் என்று அவராகவே ஊகித்தார். அந்த ஊகம் சரியானதே என்று பிறகு அறிந்தேன். ஆனால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தம் கடையிலேயே சர்ப்பகந்தி வேர் இருந்தது. மலையாளத்தில் அமல்பொரி என்பார்கள். இரத்தக் கொதிப்புக்கு அது நல்லது என்று நாற்பது ஆண்டுகளாகப் பலருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவர் அவர். மாத்திரை இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, வேரை இடித்துப் பொடியாக்கி, காலையில் ஒரு சிட்டிகை வெந்நீரில் கலந்து குடிக்கலானார். இதை ஆச்சியிடம் சொல்லவில்லை. என் தந்தையாரிடமும் சொல்லவில்லை. அவர் பொடி இடித்ததைக் கண்டவன் நான் ஒருவனே. யாரிடமும் சொல்லாதே என்று என் தோளைத் தட்டினார். நானும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் காலை பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பேனா நழுவியது. எடுத்துக்கொடுத்தார்கள், மீண்டும் நழுவியது. பேச்சு குழறியது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது அழுத்தம் 210-க்கு 120. உயிர் தப்பினார். ஆனால் அந்த முத்து எழுத்து அன்றோடு போயிற்று.

அவரைக் கவனித்த பெண் மருத்துவர், அவர் என்னென்ன உட்கொண்டார் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். வீட்டார் மாத்திரைகளின் பெயரைச் சொன்னார்கள். நான் வாயைத் திறந்து வேரைப் பற்றிச் சொன்னேன். வீட்டார் திகைத்து நின்றனர். மருத்துவர் சினங்கொள்ளவில்லை. அந்த வேர் பொய்யான மருந்து அன்று என்றும், உலகம் முழுவதும் இரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுக்கலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியதே அவ்வேர்தான் என்றும், அதைச் செய்து காட்டியவர் ருஸ்தம் ஜால் வக்கீல் என்னும் இந்தியர் என்றும் சொன்னார். அவர் வரலாற்றைப் படித்தால் உன் தாத்தா எங்கே தவறினார் என்பது உனக்கே விளங்கும் என்ற கருத்தில் ஓரிரு சொற்கள் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் நூலகத்துக்குப் போனேன்.

ருஸ்தம் ஜால் வக்கீல் 1911-ஆம் ஆண்டு பம்பாய் நகரில், இன்றைய மும்பையில், பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெயரில் வக்கீல் என்று இருப்பினும் அவர் நாடியது நீதிமன்றத்தை அன்று, நோயாளிகளின் கட்டிலை. பார்சி மக்களிடையே முன்னோரின் தொழிற்பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிடுவது வழக்கம். இலண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று சிறப்புடன் தேறினார். அங்கேயே தங்கிப் பொருள் ஈட்டியிருக்கலாம். ஆயினும் தாயகம் திரும்பி, பம்பாயில் 1926-இல் தொடங்கப்பெற்ற கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் இதய நோயாளிகளைக் கவனிக்கும் பணியை ஏற்றார்.

அக்காலத்தில் இரத்த அழுத்த நோயின் நிலை என்ன என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அழுத்தத்தை அளக்கும் கருவி வந்துவிட்டிருந்தது. இத்தாலி நாட்டு ரீவா-ரோச்சி 1896-இல் கையில் பட்டை கட்டி அளக்கும் முறையைக் கண்டார். உருசிய நாட்டு கொரொட்கோவ் 1905-இல் குழாய் வைத்து ஒலி கேட்டு, மேல் அழுத்தம் கீழ் அழுத்தம் இரண்டையும் குறிக்கும் முறையைச் சொன்னார். ஆனால் அளந்து கண்ட பிறகு செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை. உப்பில்லாச் சோறும் பழமும் மட்டும் உண்ணும் கடும் பத்தியம் ஒன்று இருந்தது. நரம்புகளை வெட்டி நீக்கும் பெரிய அறுவை ஒன்று இருந்தது. தூக்கம் தரும் மாத்திரைகள் இருந்தன. அழுத்தம் மிகுவது முதுமையின் இயல்பு, அதைக் குறைக்க முயல்வதே தவறு என்று எண்ணிய மருத்துவர்களும் இருந்தார்கள்.

உலகின் மிகப் பெரிய வல்லரசின் தலைவருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டை 1944-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இதய மருத்துவர் பரிசோதித்தபோது அழுத்தம் 186-க்கு 108 என்று இருந்தது. அடுத்த ஆண்டு பிப்பிரவரியில் யால்ட்டா மாநாட்டில் உலக வரைபடத்தை வகுக்க அமர்ந்தபோது அவர் பெரிதும் நலிந்திருந்தார். 1945 ஏப்பிரல் 12 அன்று மூளையில் குருதி கசிந்து மாண்டபோது அழுத்தம் 300-க்கு 190. பெரும் படைகளுக்குக் கட்டளையிட்ட அம்மனிதருக்குக் கொடுக்க, இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைக்கு இணையான ஒன்று அன்று உலகில் எங்கும் இல்லை.

இந்த இருட்டில்தான் நம் நாட்டு வேர் ஒன்று விளக்காயிற்று. சர்ப்பகந்தியை நம் முன்னோர் பாம்புக் கடிக்கும், மனக் கலக்கத்துக்கும், தூக்கமின்மைக்கும் வழங்கி வந்தனர். இங்கே கொச்சிக்கும் ஒரு பெருமை உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீடு கொச்சியில் இருந்தபோது, சேர்த்தலை வட்டாரத்து இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும், இரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணை நிற்க, மலையாள நாட்டுச் செடிகளைப் படத்துடன் திரட்டினார். அது ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற பெயரில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சாயிற்று. அந்நூலில் இச்செடியும் சுவன்ன அமல்பொடி என்ற நாட்டுப் பெயருடனேயே இடம்பெற்றிருக்கிறது. என் தாத்தா பொட்டலம் கட்டிய வேர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கடல் கடந்து புகழ் பெற்ற வேர். இதில் வேடிக்கை என்னவென்றால், அறிவியல் உலகம் அச்செடிக்கு வைத்த இரௌவோல்பியா என்ற பெயர், இந்தியாவுக்கே வராத ஜெர்மானிய மருத்துவர் ரௌவோல்ப் என்பவருடையது.

1931-ஆம் ஆண்டு இவ்வேரின் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டு. கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேர் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுசமான் சித்திக்கீயும் அவருடன் உழைத்தவரும் வேரிலிருந்து சில உப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். ஆகவே வேரைக் கண்டுபிடித்தவர் வக்கீல் அல்லர். இரத்த அழுத்தத்துக்கு அது ஆகும் என்று முதலில் எழுதியவரும் அவர் அல்லர். அப்படியாயின் அவர் பெருமைதான் என்ன?

தோழர்களே, இந்த வினாவிலேதான் என் கட்டுரையின் உயிர் இருக்கிறது. மற்றவர்கள் வேரைக் கொடுத்தார்கள். வக்கீல் கொடுத்தும் அளந்தார். பல ஆண்டுகள் தம் நோயாளிகளிடம் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். பின்னர் ஐம்பது நோயாளிகளைத் தேர்ந்து, மருந்துக்கு முன் அழுத்தம் எவ்வளவு, மருந்துக்குப் பின் வாரந்தோறும் எவ்வளவு, நிறுத்தியபின் எவ்வளவு, உடலில் வேறு என்ன மாற்றம் என்று வரிசையாகக் குறித்தார். குறைந்தவரையும் எழுதினார், குறையாதவரையும் எழுதினார். மருந்து உடனே வேலை செய்யாது, மெல்ல மெல்லவே செய்யும் என்பதையும் கண்டார். அக்கட்டுரை 1949 அக்டோபரில் பிரிட்டிஷ் இதய இதழில் வெளியாயிற்று. விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆன நாட்டிலிருந்து, நம் காட்டு வேரைப் பற்றி, நம் நாட்டு மருத்துவமனையில் எடுத்த அளவுகளைக் கொண்டு எழுதப்பெற்ற கட்டுரை அது. படித்தவர்களால் மறுக்க முடியவில்லை. ஏனெனில் அங்கே புகழ்ச்சி இல்லை, எண்கள் இருந்தன.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து இராபர்ட் வில்கின்சு அதைப் படித்துத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துச் சீபா நிறுவனத்தார் 1952-இல் வேரின் உயிர்ச்சத்தான ரிசர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். அதையே உட்வர்டு என்னும் வேதியியல் அறிஞர் 1956-இல் ஆய்வுக்கூடத்தில் படைத்தார். மனநோய் மருத்துவத்திலும் அது புது வழி திறந்தது. நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் இரசாயனப் பொருள்களை ரிசர்ப்பின் வெளியேற்றிவிடுவதால் அழுத்தம் தணிகிறது என்று தெரியவந்தபோது, மூளையின் இயக்கத்தைப் பற்றிய அறிவே வளர்ந்தது. 1957-இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. மறு ஆண்டு இந்திய அரசு பத்மபூஷண் வழங்கியது. 1965-இல் பட்நாகர் பரிசும் வந்தது. இந்திய மருத்துவ மாணவருக்கென்று எழுந்த மருத்துவப் பாடநூலின் முதற் பதிப்பு 1969-இல் வெளியானபோது அதன் பதிப்பாசிரியர் அவரே. மருத்துவத்தின் வரலாற்றைச் சுவையாகச் சொல்லும் கட்டுரைகளும் எழுதினார். 1974-ஆம் ஆண்டு இயற்கை எய்தினார்.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் என் தாத்தா செய்தது சரி என்றே ஆகியிருக்கும். ஆனால் அளந்தவர் காட்டிய வழியில் மற்றவர்களும் அளக்கத் தொடங்கினர். அளவுகோலுக்குத் தாட்சணியம் கிடையாது. ரிசர்ப்பின் உண்டவர்களில் சிலருக்கு மூக்கடைப்பும் சோர்வும் வந்தன. அதைவிடக் கொடியதாக, சிலரை ஆழ்ந்த மனச்சோர்வு பற்றியது. தங்கள் உயிரையே வெறுக்கும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டதாக 1950-களிலேயே மருத்துவர்கள் எழுதினர். மிகுந்த அளவு கொடுத்தபோது கேடு மிகுந்தது. அளவைக் குறைத்தார்கள்; வேறு மருந்துகளுடன் சேர்த்தார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 143 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 1967-இல் வெளியாயிற்று. கீழ் அழுத்தம் 115-க்கும் 129-க்கும் இடைப்பட்ட அவர்களுள் 73 பேருக்குச் சிறுநீர் பெருக்கும் மருந்து, சிறிதளவு ரிசர்ப்பின், ஹைடிரலசின் மூன்றும் கொடுத்தனர். மற்ற 70 பேருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குப் பெருங்கேடு நேர்ந்தது. மருந்துண்டவர்களில் இருவருக்கே நேர்ந்தது. அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் என்பதில் அதன் பிறகு யாருக்கும் ஐயம் இல்லை. அந்த வெற்றியில் நம் வேருக்கும் பங்கு உண்டு.

அதன் பிறகு தீங்கு குறைந்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்த வழியில் காப்டோபிரில் வந்தது. பாம்பின் பெயர் தாங்கிய வேர் தொடங்கிவைத்த பணியைப் பாம்பின் நஞ்சே தொடர்ந்தது போலும்! புதியவை வர, ரிசர்ப்பின் முதல் வரிசையிலிருந்து விலகிப் பின்னே நின்றது. இதனால் வக்கீலின் புகழுக்குக் குறைவு உண்டா? இல்லை. அளந்து அரியணையில் ஏற்றியதும் அறிவே. அளந்து இறக்கியதும் அறிவே. அவர் நமக்கு விட்டுச் சென்றது வேரை அன்று, அளக்கும் முறையை.

இப்போது என் தாத்தாவின் பொடிக்கு வருகிறேன். ஒரு சிட்டிகைப் பொடியில் மருந்துச் சத்து எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது, எவருக்கும் தெரியாது. மண்ணுக்கும் பருவத்துக்கும் வேரின் வயதுக்கும் ஏற்ப அது மாறும். அதே இனத்து வேறு செடியின் வேரைக் கலப்பதும் உண்டு. அவர் கடையில் வேரைத் தராசில் நிறுத்து விற்றார். தம் உடம்பில் அது என்ன செய்தது என்பதை ஒருநாளும் அளக்கவில்லை. பொடி குடித்த பத்து நாளில் ஒருமுறை பட்டை கட்டி அளந்திருந்தால், அழுத்தம் ஏறுவது தெரிந்திருக்கும். அடினலால் போன்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த துடிப்பும் அழுத்தமும் மீண்டும் பாய்ந்தெழக்கூடும் என்பதையும் அவர் அறியார். அதை நிறுத்த வேண்டுமானால் மருத்துவர் சொற்படி நாளடைவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கணுக்கால் வீக்கத்துக்கும் வழி இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்திருப்பார், அல்லது வேறு மாத்திரை தந்திருப்பார்.

அந்த நாட்களில் அந்தப் பெண் மருத்துவரிடமிருந்தும் நூல்களிலிருந்தும் நான் கற்றவற்றை இங்கே சொல்வது என் கடமை. வீட்டில் பெற்றோரோ பாட்டனாரோ இரத்த அழுத்த மாத்திரை உண்ணாத மாணவர் நம்மிடையே குறைவு.

முதலாவது, அளப்பதை முறையோடு அளக்க வேண்டும். தேநீர், காப்பி, புகை, உடற்பயிற்சி ஆகியவற்றுக்குப் பின் அரை மணி நேரமாவது விட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி வைத்து, பேசாமல் இருமுறை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். படியேறி வந்த மூச்சோடு அளந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுவதும், ஒருநாள் குறைவாகக் காட்டிற்று என்று நிறுத்துவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத பிழைகள்.

இரண்டாவது, எண் சரியாக இருப்பது நோய் போய்விட்டதற்கு அடையாளம் அன்று. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். குடை பிடித்தவன் நனையவில்லை என்பதால் மழை நின்றுவிட்டது என்று குடையை மடக்குவானா? நாள்தோறும் ஒரே நேரத்தில் உண்ண வேண்டும். ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் உண்ணலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும். ஈடுகட்ட இரண்டாக விழுங்கலாகாது.

மூன்றாவது, பக்க விளைவைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம்; அதற்காகத் தாமே நிறுத்தவும் வேண்டாம். சிலவகை மாத்திரைக்குக் கால் வீங்கும். சிலவகைக்கு வறட்டு இருமல் வரும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதும் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் மாற்று உண்டு. முகமோ உதடோ நாக்கோ திடீரென வீங்கினால் மட்டும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் கருவுற எண்ணுவோருக்கும் ராமிபிரில், டெல்மிசார்ட்டன் போன்றவை ஆகா. முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, உண்ணும் எல்லாவற்றையும் மருத்துவர் அறிய வேண்டும். மூட்டு வலிக்கு நாமே வாங்கி விழுங்கும் ஐபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும். மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவும் அழுத்தத்தை ஏற்றும். எங்கள் அங்காடித் தெருவில் சளிக்கு வாங்கும் அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாகத் தின்றாலும் அழுத்தம் ஏறும். உடலில் பொட்டாசியம் குறையும். சர்ப்பகந்திப் பொடியை மாத்திரையோடு சேர்த்து உண்டால் அழுத்தமும் துடிப்பும் மட்டுக்கு மீறி இறங்கிவிடலாம். குறைந்த சோடியம் உப்பு என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிகளும் டெல்மிசார்ட்டன் போன்றவை உண்போரும் கேட்டறிந்தே பயன்படுத்த வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால் எந்த மருத்துவரும் வழி சொல்வார். மறைத்தால் எந்த மருத்துவராலும் காக்க இயலாது.

ஐந்தாவது, மாத்திரை இருக்கிறதே என்று உப்பை அள்ளிப் போடலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கும் குறைந்த உப்பையே பரிந்துரைக்கிறது. எங்கள் மட்டாஞ்சேரியில் கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காது என்பார்கள். தாத்தாவுக்கும் அப்படித்தான். ஆச்சி இப்போது உப்புச் சாடியைத் தன் கைவசம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதைப் படித்துப் பாருங்கள். மருந்தைவிட அளவைப் பற்றியே அவர் மிகுதியும் பேசுவதைக் காண்பீர்கள். மிகினும் தீது, குறையினும் தீது என்பதே அதன் சாரம். பம்பாய் மருத்துவர் வக்கீல் திருக்குறளைப் படித்தாரோ இல்லையோ, அந்த அளவின் வழியில்தான் வாழ்ந்தார்.

இந்நாளில் அரசும் இதற்கு உதவுகிறது. 2017-இல் தொடங்கிய இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் கேரளமும் முதற்கட்டத்திலேயே சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது நம் பாட்டிமார் கைக்கு வருகிறது. ஆயினும் உலகில் இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியார். அறிந்தவர்களிலும் என் தாத்தாவைப் போல் நடுவில் நிறுத்துவோர் பலர். மாத்திரையை வாயிலுக்குக் கொண்டுவரலாம். வாய்க்குள் நாள்தோறும் போகிறதா என்று பார்க்க வேண்டியவர் வீட்டில் இருப்பவரே.

என் குற்றத்தையும் நான் மறைக்கவில்லை. தாத்தாவின் மனம் நோகுமே என்று அன்று வாய்மூடி இருந்தேன். அதை அன்பு என்று நினைத்தேன். அது அன்பு அன்று. அன்புடையவன் அன்று மாலையே தந்தையாரிடம் சொல்லியிருப்பான். தாத்தா என்னிடம் கோபித்திருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவே.

இப்போது தாத்தா கடைக்குப் போவதில்லை. திண்ணையில் அமர்ந்து இடக்கையால் எழுதப் பழகுகிறார். பழைய பேரேடு ஒன்றின் எஞ்சிய தாள்களில் அவரே கோடு கிழித்து, தேதி, மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், மாத்திரை என்று நான்கு பத்திகள் வகுத்திருக்கிறார். காலையில் நான் கருவியைக் கட்டி எண்ணைச் சொல்ல, அவர் எழுதுகிறார். எழுத்து கோணலாகத்தான் விழுகிறது. ஆனால் ஒருநாளும் விட்டதில்லை. ஓர் எண்ணும் தவறியதில்லை. சென்ற வாரம் மருத்துவரிடம் அந்தப் பேரேட்டைக் காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரு மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்தார். தாத்தா அதையும் அன்றைய தேதியில் குறித்துக்கொண்டார்.

தோழர்களே, இன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது, பணம் அனுப்புங்கள் என்பதற்கு முன் மற்றொரு கேள்வியைக் கேளுங்கள். மாத்திரை உண்டீர்களா, கடைசியாக எப்போது அளந்தீர்கள், வேறு என்ன மருந்து சேர்த்து உண்கிறீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் விடாதீர்கள். வக்கீல் பெருமகனாருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.